தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு மைக்: வாசகர் கேள்வி–பதில்

வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பாட்டுப் பதிவு செய்வது பற்றிக் கேள்விகள் அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் நிறைய, "எந்த மைக் நல்ல மைக்?" என்ற ஒரே வரி. எந்த ஊரில், எந்த அறையில், எதைப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்று தெரியாமல் இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது, சொன்னால் அது விற்பனைக்காகச் சொல்வது. அதனால் இடத்தையும் வேலையையும் விவரமாக எழுதியவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். விலைகள் எல்லாம் தோராயம்தான்.

கேள்வி: கையில் ஐம்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. நான் பாடுவேன், கீபோர்டு வாசிப்பேன். ஐ5 லேப்டாப், 8 ஜிபி ரேம். கடைக்காரர் மைக், லைவ் சவுண்ட் கார்டு, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்கு ஒரு செட் தருகிறேன், மீதிப் பணத்துக்குப் பெரிய ஸ்பீக்கர் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். கேட்கலாமா அண்ணா? (சரவணம்பட்டி, கோவை)

கேட்காதீர்கள். அந்த செட்டில் வருகிற குட்டி சவுண்ட் கார்டு, கைதட்டல் சத்தமும் சிரிப்புச் சத்தமும் போடுவதற்கு பட்டன் வைத்திருக்கும், லைவ் வீடியோ போடுகிறவர்களுக்காகச் செய்தது. அதில் பெரும்பாலும் கண்டென்சர் மைக்குக்கு (மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் ஸ்டூடியோ வகை) கேபிள் வழியாகவே போக வேண்டிய 48 வோல்ட் மின்சாரம், அதாவது ஃபேண்டம் பவர், இருக்காது. கருவியையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கிற, பாட்டுப் பதிவுக்கு வேண்டிய டிரைவர் மென்பொருளும் இருக்காது. உங்களுக்கு வேண்டியது ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக்கிலிருந்து வருகிற மிகச் சன்னமான மின்சாரத்தைப் பெருக்கி, எண்ணாக மாற்றி, யூஎஸ்பி வழியாக கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது, அங்கிருந்து வருவதைத் திருப்பி ஹெட்போனுக்குக் கொடுப்பது, அவ்வளவுதான் அதன் வேலை. அதை ஒழுங்காகச் செய்கிற பெட்டிகள் இன்றைக்குப் பதினைந்தாயிரம் வட்டாரத்திலேயே கிடைக்கின்றன.

ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, மோட்டு எம்2, ஆடியன்ட் ஐடி4 என்று பெயர்களை அடுக்கலாம். இவற்றுக்கு நடுவில் இருக்கிற ஒலி வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பவர் அபூர்வம், அதனால் அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றை மட்டும் பாருங்கள்: இரண்டு மைக் போட முடியுமா? ஸ்கார்லெட் சோலோ, மேலே சொன்ன ஆடியன்ட் ஐடி4 மாதிரிப் பெட்டிகளில் மைக் ஒன்றுதான் போடலாம். இன்றைக்கு நீங்கள் தனியாகப் பாடுகிறீர்கள் சரி, நாளைக்கு நண்பர் ஒருவர் புல்லாங்குழலோடு வந்து நிற்பார். சில ஆயிரம் மிச்சம் பிடித்ததற்காக முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டிவரும்.

மைக்கைப் பொறுத்தவரை சரவணம்பட்டியில் உங்கள் அறை ரோட்டைப் பார்த்து இருக்கிறதா, உள்பக்கமா என்று எழுதவில்லை. உள்பக்கம் அமைதியான அறை என்றால் ஏடி 2020 போன்ற ஒரு கண்டென்சர் மைக். ரோட்டுப் பக்கம் என்றால் ஷூர் எஸ்எம் 58, வாயருகே வைத்துப் பாடும் டைனமிக் வகை. 1966இல் வந்த மைக், கோயில் திருவிழா மேடையிலிருந்து கல்யாண மண்டபம் வரை நம் ஊரில் எல்லோரும் கையில் பிடித்தது, ஆனாலும் வீட்டுப் பதிவுக்கு யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள், ஏனென்றால் பார்க்க ஸ்டூடியோ மாதிரி இருக்காது. இரண்டுமே பத்தாயிரத்துக்குள் அடங்கும் அல்லது கொஞ்சம் தாண்டும்.

ஹெட்போன் மூடிய வகையாக இருக்க வேண்டும். காதைச் சுற்றித் திறந்திருக்கும் வகையில் பின்னணி இசை வெளியே கசிந்து மைக்கில் ஏறும். சோனி எம்டிஆர் 7506, ஆடியோ டெக்னிகா எம்40எக்ஸ் மாதிரி ஒன்று. அப்புறம் ஸ்டாண்டு, வாய்க்காற்று மைக்கில் அடிக்காமல் தடுக்கும் பாப் ஃபில்டர், மைக்கை இணைக்கும் எக்ஸ்எல்ஆர் கேபிள், இவற்றுக்கு மூவாயிரம் நாலாயிரம் தனியாக ஒதுக்குங்கள், எல்லோரும் மறப்பது இதைத்தான். கீபோர்டில் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யூஎஸ்பி துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதையே மிடி கீபோர்டாக வைத்துக்கொள்ளலாம், புதிதாக ஒன்று வாங்க வேண்டியதில்லை. மிடி கீபோர்டில் தனியாகச் சத்தம் வராது, எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தினீர்கள் என்ற தகவல் மட்டும்தான் போகும், சத்தம் கம்ப்யூட்டரில் இருக்கிற மென்பொருளில் பிறக்கும். அந்த மென்பொருள் வாத்தியங்கள்தான் ரேமைத் தின்பவை. எனவே மீதி இருக்கிற பணத்தில் ரேமை 16 ஜிபி ஆக்கிக்கொள்ளுங்கள், லேப்டாப்பில் எஸ்எஸ்டி இல்லையென்றால் அதுதான் முதல் வேலை. ஸ்பீக்கர் இந்த வருடம் வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே தறிக்குடோன். பகலும் ராத்திரியும் தறி ஓடுகிறது. அறை முழுக்க முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வராது என்று வீடியோவில் பார்த்தேன். நாமக்கல்லில் சொந்தக்காரர்கள் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்கள், அட்டைக்குப் பஞ்சமில்லை. ஒட்டலாமா? (சோமனூர்)

அட்டையை நாமக்கல்லுக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள், அவர்களுக்காவது உபயோகப்படும். முட்டை அட்டை வெறும் காகிதக் கூழ். வெளிச் சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும், சந்து இல்லாமல் அடைப்பு வேண்டும், அட்டையில் இரண்டும் இல்லை. உள்ளே எதிரொலியைக் குறைப்பது வேறு வேலை, அதற்கும் அது போதாது, தீப்பிடித்தால் வேறு ஆபத்து.

தறி விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சத்தம் காற்று வழியாக மட்டும் வரவில்லை, தறியின் அதிர்வு தரை வழியாகவும் சுவர் வழியாகவும் உங்கள் அறைக்குள் ஏறி மைக் ஸ்டாண்டின் காலில் வந்து நிற்கிறது. இதை முழுதாக நிறுத்த வேண்டுமானால் அறைக்குள் தரையைத் தொடாத இன்னொரு அறை கட்ட வேண்டும், அது லட்சங்களில் போகும். அதனால் நிறுத்துவதை விட்டுவிட்டுச் சமாளிப்பதைப் பார்ப்போம்.

குடோனை ஒட்டிய சுவருக்கு எதிர்ப்பக்க மூலையில், அந்தச் சுவரைப் பார்த்து நின்று பாடுங்கள். மைக் உங்கள் முகத்தைப் பார்க்கும், அதன் முதுகு குடோன் பக்கம் இருக்கும். கார்டியாய்டு வகை மைக்குக்கு முதுகுப் பக்கம்தான் காது மந்தம். டைனமிக் மைக் வெளிச் சத்தத்தை இழுக்காது என்று எல்லோரும் சொல்வார்கள், அது பாதிதான் உண்மை. அதை வாயருகே வைத்துப் பாடுகிறோம் என்பதுதான் மீதி. வாய்க்கும் மைக்குக்கும் இருக்கிற தூரத்தைப் பாதியாக்கினால் உங்கள் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், தறிச் சத்தம் அதே அளவில் நிற்கும். ஓரடி தள்ளி நின்று பாடுகிறவர் நாலு விரல்கடை தூரத்துக்கு வந்தால் கிடைக்கிற லாபம், எந்த மைக் மாற்றினாலும் கிடைக்காது. ஸ்டாண்டின் அடியில் தடித்த ரப்பர் அல்லது பழைய மெத்தைத் துண்டைப் போடுங்கள், இன்டர்ஃபேஸிலோ மென்பொருளிலோ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற அதிர்வுச் சத்தத்தை வெட்டிவிடுங்கள்.

எதிரொலிக்கு நம் பக்கத்திலேயே சரக்கு இருக்கிறது. திருப்பூர் பனியன் வேஸ்டை நாலு அங்குல ஆழ மரச்சட்டத்தில் திணித்து, முகப்பில் காற்று போகிற துணியைத் தைத்து, சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி மாட்டினால் நல்ல உறிஞ்சு பலகை ஆகிவிடும். பாடுகிறவருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போதும். பவானி ஜமக்காளத்தை மடித்துத் தொங்கவிடுவதும் உதவும், ஆனால் மேல் ஸ்தாயிச் சத்தத்தை மட்டும்தான் அது குடிக்கும், கீழ் ஸ்தாயி அப்படியே இருக்கும்.

இதையெல்லாம் விடப் பெரிய யோசனை ஒன்று. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்தடை என்று பேப்பரில் ஊர் பெயர்களோடு போடுவார்கள் இல்லையா, ஊரே திட்டும் அந்த நாள்தான் உங்கள் ஸ்டூடியோ நாள். தறி நிற்கும், பக்கத்து வீட்டு மோட்டார் நிற்கும், மிக்ஸி நிற்கும். லேப்டாப்பின் யூஎஸ்பியிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் இன்டர்ஃபேஸாக வாங்கியிருந்தால் பேட்டரியில் தாராளமாகப் பதிவு செய்யலாம். அதனால் உங்களுக்கு டெஸ்க்டாப் வேண்டாம், தனி அடாப்டர் கேட்கும் பெரிய இன்டர்ஃபேஸும் வேண்டாம். முதல் நாளே இசையை எல்லாம் தயார் செய்து, பாட்டை மனப்பாடம் பண்ணி, பேட்டரியை நிரப்பி வைத்திருங்கள்.

கேள்வி: எங்கள் அப்புச்சி உடுக்கை அடித்து அண்ணன்மார் கதை பாடுவார். வயதாகிவிட்டது, இந்த வருடமே பதிவு செய்துவிட ஆசை. தோட்டத்துச் சாளையில்தான் இருக்கிறார், டவுனுக்கு வரமாட்டார். உடுக்கைக்கு ஒரு மைக், குரலுக்கு ஒரு மைக் என்று தனித்தனியாக வைக்க வேண்டுமா? (வெள்ளகோவில் பக்கம் ஒரு வாசகி)

வந்த கடிதங்களிலேயே எனக்குப் பிடித்தது இதுதான் அம்மணி. அவரை டவுனுக்குக் கூப்பிடவே வேண்டாம், கண்ணாடி அறையில் ஹெட்போன் மாட்டி உட்கார வைத்தால் பாட்டு பாதி செத்துவிடும். கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் வட்டாரத்துக் கிராமத்தில் தங்கி இதே கதையை டேப்பில் பிடித்தபோது, கதை நடக்கிற இடத்துக்கு ரெக்கார்டர்தான் போனது. நீங்களும் சாளைக்கே போங்கள்.

மைக்கைப் பிரிக்க வேண்டாம். உடுக்கை அவர் கையில், குரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு மைக் வைத்தால் ஒவ்வொன்றிலும் மற்றதும் ஏறி, சேர்க்கும்போது சத்தம் குழம்பும். மார்புக்கும் முகத்துக்கும் நடுவான உயரத்தில், இரண்டு மூன்றடி தள்ளி ஒரே மைக் அல்லது ஒரே ஸ்டீரியோ ரெக்கார்டர். உடுக்கை அதிகமாகக் கேட்டால் மைக்கைக் கொஞ்சம் உயர்த்தி முகத்தைப் பார்த்துச் சாயுங்கள், குறைவாகக் கேட்டால் இறக்குங்கள். கலவையை அங்கேயே காதால் சரி செய்வதுதான் முறை. சாளை ஓடு போட்டதாக இருந்தால் உள்ளே, தகரம் போட்டதாக இருந்தால் திண்ணையில்.

லேப்டாப் இல்லாமலே முடியும் என்பதுதான் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது. ஜூம் எச்1 எசென்ஷியல் மாதிரிக் கைக்கடக்கமான ரெக்கார்டர்கள் 32 பிட் ஃப்ளோட் முறையில் பதிவு செய்கின்றன. அதாவது அப்புச்சி மெதுவாகக் கதை சொல்லிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று உச்சத்தில் உடுக்கையை அடித்தாலும், சத்த அளவு வைக்கத் தவறியதால் பதிவு உடைந்துபோகாது, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். சாதாரண 24 பிட் கருவி என்றால் உச்ச அடியே மைனஸ் 12 டெசிபலைத் (பதிவு உடையும் எல்லை பூஜ்யம்) தாண்டாத மாதிரி அளவு வையுங்கள், உடுக்கையின் முதல் அடி மீட்டரில் தெரிவதைவிடக் கூர்மையானது.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி ஆகும், 32 பிட்டில் அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடும். கதை பல ராத்திரி ஓடும், கார்டும் பேட்டரியும் அதற்கேற்ப எடுத்துப்போங்கள். மின்விசிறியை நிறுத்த வேண்டும், அதனால் பொழுது சாய்ந்த பிறகு உட்காருங்கள். மயில் அகவினால் அகவட்டும், நிறுத்தி மறுபடி பாடச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு நாளும் தொடங்கும்போது தேதி, ஊர், அவர் பெயர், யாரிடம் கற்றார் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். இரைச்சல் நீக்குவதெல்லாம் நகலில் மட்டும், மூலக் கோப்பைத் தொடவே கூடாது, அன்றைக்கு ராத்திரியே இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: பாடும்போது என் குரல் ஹெட்போனில் கொஞ்சம் பிந்திக் கேட்கிறது, தாளம் தப்புகிறது. லேப்டாப்பை மாற்ற வேண்டுமா? (ஈரோடு)

மாற்றவேண்டியது பெரும்பாலும் செட்டிங்தான். விண்டோஸ் என்றால் மென்பொருளில் இன்டர்ஃபேஸ் கம்பெனியே கொடுத்த, தாமதத்தைக் குறைக்கிற ஆசியோ (ASIO) டிரைவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா பாருங்கள். அப்புறம் பஃபர் அளவு, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளை (ஒலித் துணுக்கை) சேர்த்து எடுத்துக்கொள்கிறது என்பது. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லி செகண்டுதான், 1024 என்றால் 21. போக ஒரு தடவை, வர ஒரு தடவை, டிரைவர் எடுத்துக்கொள்வது வேறு, ஆகவே 1024இல் வைத்துப் பாடினால் நாற்பதைத் தாண்டும், யாருக்கும் தாளம் நிற்காது. பாடும்போது 128, மிக்ஸிங் செய்யும்போது 1024. 128இல் பட்பட்டென்று வெடித்தால் 256. இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பட்டன் இருந்தால் அதைப் போட்டு, மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைத்துவிடுங்கள், உங்கள் குரல் கம்ப்யூட்டருக்குள் போய்வராமல் நேராகக் காதுக்கு வரும்.

கடிதத்தின் அடியில் புளூடூத் ஹெட்போன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மேலே சொன்னது எதுவும் உதவாது. புளூடூத்தில் நூறு மில்லி செகண்டுக்கு மேல் தாமதம் சர்வசாதாரணம். வயர் ஹெட்போன் வாங்குங்கள்.

கேள்வி: பாட்டுப் பதிவுக்கு எந்த மென்பொருள்? (திருப்பூர்)

மேக் என்றால் கராஜ்பேண்ட் இலவசமாகவே இருக்கிறது. விண்டோஸ் என்றால் ரீப்பர். 60 நாள் முழு வசதியோடு போட்டுப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். காசே கூடாது என்றால் வேவ்ஃபார்ம் ஃப்ரீ. காசு கொடுத்து வாங்க வேண்டிய க்யூபேஸ் மென்பொருளை நண்பர் கிராக் போட்டுப் பென்டிரைவில் தந்தால் வேண்டாம். திருட்டு என்பது ஒரு பக்கம், அதோடு சேர்ந்து வருகிற வைரஸ் உங்கள் ஒரு வருடப் பதிவுகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும்.

கேள்வி: பத்துக்குப் பத்து அறை. எட்டு அங்குல ஸ்டூடியோ மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கப் போகிறேன். பேஸ் நன்றாக இருக்கும் என்கிறார்கள். (பொள்ளாச்சி)

பேஸ் இருக்கும், உண்மை இருக்காது. பத்தடி என்பது சுமார் 3 மீட்டர். அந்த நீளத்துக்கு 56 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு அலை சுவருக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வீங்கும். உங்கள் அறையில் நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் இரண்டு திசையிலும் அதே இடத்தில் வீங்கும். கூரையும் பத்தடி என்றால் மூன்றாவது தடவை. ஒரு சுரம் மட்டும் இடிக்கும், அடுத்த சுரம் காணாமல் போகும். நீங்கள் அதைக் கேட்டுப் பாட்டில் பேஸைக் குறைத்து வைப்பீர்கள், வெளியே போய்க் கேட்டால் பாட்டு சப்பென்று இருக்கும். எட்டு அங்குலம் இந்தக் குழப்பத்தை இன்னும் பெரிதாகத்தான் காட்டும்.

ஐந்து அங்குலம் போதும், யமஹா எச்எஸ்5 மாதிரி. சுவரோடு ஒட்டி வைக்காமல், மூலைகளில் தடித்த உறிஞ்சு பலகை வைத்து, இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சம முக்கோணமாக வருகிற மாதிரி உட்காருங்கள். சரியாக அறையின் நடுவில் உட்காராதீர்கள், அங்கேதான் பேஸ் ஓடி ஒளிந்துகொள்ளும். பலகைக்குக் காசு இல்லையென்றால் மானிட்டரைத் தள்ளிப்போட்டு நல்ல ஹெட்போனில் மிக்ஸ் செய்யுங்கள். முடித்ததை காரில் கேளுங்கள், செல்போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். நம் பக்கத்துத் தனியார் பஸ் டிரைவர் யாராவது பழக்கம் என்றால் பென்டிரைவைக் கொடுத்துப் பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வரை கேட்டுப் பாருங்கள், அந்த ஸ்பீக்கரில் குரல் புரிந்தால் எங்கேயும் புரியும்.

கேள்வி: கிடார் செருகினால் "ம்ம்ம்" என்று ஒரே இரைச்சல். தொட்டால் குறைகிறது. (பவானி)

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் சிக்கல் கரண்டு வழியாக வருகிறது. தொட்டால் குறைகிறது என்பதற்கு எர்த் சரியில்லாததும் காரணமாக இருக்கலாம். தோட்டத்து வீடு என்றால் எர்த் குழி காய்ந்து கிடக்கும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்து, தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டில் மூன்று பின் பிளக்கோடு செருகுங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டால் இரைச்சல் போகும் என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள், உயிர் போகும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கொரகொரவென்று கேட்டால் அது இன்வெர்ட்டரின் குணம், சைன் வேவ் வகைக்கு மாறினால் சரியாகும். இத்தனைக்கும் பிறகு இரைச்சல் இருந்தால் கிடாரின் உள்ளே வயரிங்.

கேள்வி: பழைய சாமான் வாங்கலாமா? (தாராபுரம்)

டைனமிக் மைக் தாராளமாக. போலி எஸ்எம் 58 நிறைய சுற்றுகிறது, ஒரிஜினல் வைத்திருப்பவர் மைக்கோடு பக்கத்தில் வைத்து ஒரே வாயால் பேசிப் பாருங்கள், எடையிலும் குரலிலும் தெரிந்துவிடும். கண்டென்சர் மைக் என்றால் 48 வோல்ட் போட்டு, அமைதியான இடத்தில் பத்து நிமிடம் விட்டுக் கேளுங்கள், ஈரத்தில் கெட்டது இடையிடையே பொரியும். ஹெட்போன் வேண்டாம். இன்டர்ஃபேஸ் வாங்குவதாக இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த மாடலுக்கு உங்கள் விண்டோஸுக்கான டிரைவர் இன்னும் கொடுக்கிறார்களா என்று கம்பெனியின் இணையதளத்தில் பாருங்கள். ஃபயர்வயர் இணைப்பு உள்ள பழைய பெட்டிகளை இரண்டாயிரத்துக்குத் தருகிறேன் என்பார்கள், பெட்டி நன்றாகவே ஓடும், செருகத்தான் உங்கள் லேப்டாப்பில் துளை இருக்காது.